மலாக்காவில் ஒரு ஜன்னல்

போர்ச்சுகீசியர் மலாக்காவை ஆண்டது 1511 முதல் 1641 வரை, 130 ஆண்டுகள். அவர்கள் எழுப்பிய கோட்டையில் மிஞ்சியிருப்பது ஒரு வாசல். குன்றின் மேல் கூரையில்லாத ஒரு தேவாலயம். இரண்டுக்கும் இடையே நடந்தால் பத்து நிமிடம். ஆனால் நான் டிக்கெட் வாங்கிய ‘போர்ச்சுகீசிய மலாக்கா’ மரபு நடையோ மூன்று மணி நேரம் என்றிருந்தது. மீதி நேரத்துக்கு எதைக் காட்டப்போகிறார்கள் என்ற சந்தேகத்தோடுதான் கோலாலம்பூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்தேன்.

சிவப்புச் சதுக்கத்தில் எட்டு மணிக்குக் கூடினோம். ஏழு பேர். அதில் இருவர் லிஸ்பனிலிருந்து வந்திருந்த வயதான கணவன் மனைவி. வழிகாட்டியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எங்களை எண்ணிய விதம் அப்படி. கையில் குடை, தோளில் துணிப்பை. மலாக்காவின் கிறிஸ்தாங் சமூகத்தைச் சேர்ந்தவர். போர்ச்சுகீசியரும் இங்கிருந்த பெண்களும் கலந்து உருவான சமூகம் அது. அவர்கள் பேசும் கலப்பு மொழிக்கும் கிறிஸ்தாங் என்றுதான் பெயர். என் ஊர் எது என்று கேட்டார். தூத்துக்குடி என்றேன். “மீன்பிடிக்கிற ஊரா?” என்றார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்தது. அதன்பின் அவருக்கு நான் ‘தம்பி’, எனக்கு அவர் ‘ஆன்ட்டி’. மலேசியாவில் ‘தம்பி’ என்ற சொல் ஒரு காலத்தில் அலுவலகக் கடைநிலை ஊழியரைக் குறித்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர் கூப்பிட்டதில் அந்த வாடை இல்லை.

சதுக்கத்தைச் சுற்றி எல்லாமே ரத்தச் சிவப்பு. ஆன்ட்டி குடையை நீட்டிக் காட்டினார். “இந்த மாளிகை டச்சுக்காரன் 1650 வாக்கில் கட்டியது. அந்தத் தேவாலயம் 1753. அதுவும் டச்சு. இந்தச் சிவப்பு டச்சுக்காரனுடையதுகூட இல்லை. அவன் வைத்திருந்தது வெள்ளை. ஆங்கிலேயன் காலத்தில் பூசியது சிவப்பு. இங்கே எங்களுடையது எதுவும் இல்லை. வாருங்கள், மேலே போவோம்.” ஒரு மரபு நடை இவ்வளவு நேர்மையாகத் தொடங்கி நான் பார்த்ததில்லை.

மேலே போகும்முன் சைக்கிள் ரிக்‌ஷாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹலோ கிட்டி, டோரேமான் பொம்மைகளை மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் பாட்டை அலறவிட்டபடி அவை சதுக்கத்தைச் சுற்றுகின்றன. 2008-ல் யுனெஸ்கோ இந்த நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்தப் பூனைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதா என்று கேட்க ஆசை. ஓட்டுபவருக்குப் பிழைப்பு அதுதான் என்பதால் கேட்கவில்லை.

குன்றின் உச்சியில் புனித பவுல் தேவாலயம். 1521-ல் சிறிய சிற்றாலயமாகத் தொடங்கியது. இப்போது நான்கு சுவர்களும் வானமும்தான். உள்ளே கம்பி வலை போட்டு மூடிய ஒரு குழி. பிரான்சிஸ் சேவியர் 1552 டிசம்பரில் சீனக் கடற்கரையோரத் தீவொன்றில் இறந்தார். உடலை 1553-ல் இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். சில மாதங்கள் கழித்துத் தோண்டியெடுத்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலியான குழிதான் மிச்சம். வலை வழியாகச் சில்லறை போட்டிருந்தார்கள்.

அந்தக் குழியருகே நான் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் நின்றேன். சேவியர் மலாக்காவுக்கு வந்தது 1545-ல். அதற்கு முன் 1542-லிருந்து அவர் அலைந்து திரிந்தது எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில். தமிழ் தெரியாத மனிதர், மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டியவர். எங்கள் வகுப்பில் பெர்னாண்டோக்கள் மட்டும் நாலு பேர். கோமஸ், மச்சாடோ, ரோட்ரிகோ தனி. அந்தப் பெயர்கள் வேற்றுமொழிப் பெயர்கள் என்றே எனக்குப் பத்தாம் வகுப்பு வரை தோன்றியதில்லை. பரதவர் தெருவின் பெயர்கள், அவ்வளவுதான். ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் பாட்டியின் குடும்பப் பெயரும் கோமஸாம்.

வாசலில் சேவியருக்கு ஒரு வெண்பளிங்குச் சிலை இருக்கிறது, 1952-ல் வைத்தது. வலது கை இல்லை. மரம் விழுந்து உடைந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய உண்மையான வலது முன்கையை 1614-ல் உடலிலிருந்து வெட்டி ரோமுக்கு அனுப்பியது வரலாறு. இரண்டையும் முடிச்சுப் போட்டு எல்லா வழிகாட்டிகளும் அதிசயக் கதை சொல்வார்கள். எங்கள் ஆன்ட்டி, “மரத்துக்கு வரலாறு தெரியாது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சுவர்களில் சாய்த்து வைத்திருக்கும் கல்லறைப் பலகைகள் ஆளுயரத்துக்கும் மேல். பெரும்பாலானவை டச்சு, சில போர்ச்சுகீசியம். லிஸ்பன் அம்மாள் ஒரு பலகையின் எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்தார். கணவர் அவரை அவசரப்படுத்தவில்லை.

படியிறங்கினால் அந்த வாசல், சாந்தியாகோ வாசல். சுண்ணாம்பு உதிர்ந்து கறுத்த கல். எதிரே பேரங்காடிகள்; ஒரு காலத்தில் அலை வந்து மோதிய இடத்தில் கடலைத் தூர்த்துக் கட்டியவை. ஆன்ட்டி எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி நெற்றிக்கல்லைப் பார்க்கச் சொன்னார். அங்கே 1670 என்று செதுக்கியிருக்கிறது, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தோடு. கோட்டையைப் பிடித்தவன் முகப்பில் தன் முத்திரையைக் குத்திக்கொண்டான். “போர்ச்சுகீசியர் விட்டுப்போன ஒரே வாசல், அதன் நெற்றியிலும் டச்சு” என்றார். லிஸ்பன்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ஆன்ட்டி அடுத்ததைச் சொன்னார். 1511 ஆகஸ்டில் போர்ச்சுகீசியத் தளபதி ஆல்புகெர்க் நகரைப் பிடித்து, சுல்தான் மகமூது ஷா ஓடியதும், அவசர அவசரமாகக் கோட்டை எழுந்தது. அதற்குக் கல் எங்கிருந்து வந்தது? மசூதிகளிலிருந்தும் சுல்தான்களின் சமாதிகளிலிருந்தும். போர்ச்சுகீசியர் தங்கள் நாளாகமங்களிலேயே இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். அதாவது, இந்தக் கோட்டைக் கல் அதற்கு முன்பே இன்னொருவருடைய கல். இப்போது யாருமே சிரிக்கவில்லை.

பிறகு 1807. நெப்போலியன் போர்க்காலத்தில் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. என்றைக்காவது டச்சுக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். கொடுத்தால் தங்கள் பினாங்குத் துறைமுகத்துக்குப் போட்டியாக நிற்கும். ஆகவே கோட்டையை இடித்துவிட முடிவு செய்தார்கள். கடப்பாரைக்கு மசியவில்லை. ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஃபார்கர் வெடிமருந்து வைத்தார். யானை அளவுக் கற்களும் வீட்டளவுக் கற்களும் பறந்து கடலில் விழுந்ததாக முன்ஷி அப்துல்லா தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். 1808-ல் வந்த இன்னொரு ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் எழுதிய அறிக்கையால் இடிப்பு நின்றது. அதற்குள் மிஞ்சியது இந்த வாசல்தான்.

முன்ஷி அப்துல்லா பெயரைக் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படுபவர். மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து வந்த அரபுக் கொள்ளுத்தாத்தா நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்த வழியில் வந்தவர். சிறுவயதில் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கணக்குவழக்குக்காகத் தமிழ் படிப்பது அன்றைய மலாக்காவின் வழக்கம் என்கிறார். அதாவது இந்த ஊரில் ஒரு காலத்தில் தமிழ் தெரியாதவன் வியாபாரம் தெரியாதவன்.

அந்தக் கதை நடையின் அடுத்த நிறுத்தத்தில், ஆற்றுப் பாலத்தில், முழுசாகக் கிடைத்தது. இன்றைய பாலம் பிற்காலத்தது. 1511 சண்டையில் இங்கே இருந்த பாலத்துக்காகத்தான் இரு தரப்பும் மோதின; பாலம் கைமாறினால் நகரம் இரண்டு துண்டு. மறுகரையில் இருந்தவர்கள் வணிகர்கள்: குஜராத்திகள், ஜாவாக்காரர்கள், சீனர்கள், ‘கெலிங்’ என்று அழைக்கப்பட்ட நம்மவர்கள். அடுத்த ஆண்டு இங்கே வந்த போர்ச்சுகீசிய மருந்தாளர் தோமே பிரெஸ், மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்படுவதாக எழுதினார்.

அந்த வணிகர்களில் ஒருவரைப் போர்ச்சுகீசியர் ‘நினா சாட்டு’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நினா என்பது நயினா. சாட்டு என்பது செட்டியாகவோ சாத்தனாகவோ இருக்கலாம் என்பது என் காதுக்குப் படுவது. 1509-ல் வந்த முதல் போர்ச்சுகீசியக் கப்பல்களில் சிலர் இங்கே சிறைப்பட்டார்கள். அவர்களுக்கு ரகசியமாக உதவியவர் இந்த மனிதர். நகரம் வீழ்ந்ததும் ஆல்புகெர்க் நன்றிக்கடனாக அவரை இந்துக்களின் பெண்டஹாரா, அதாவது தலைமை நிர்வாகி ஆக்கினார். மூன்றே ஆண்டுகள். 1514-ல் அரசியல் கணக்கு மாறியது. பதவியைப் பிடுங்கிக் கம்பார் நாட்டு அரசருக்குக் கொடுத்தார்கள். நினா சாட்டு சந்தனமும் அகிலும் அடுக்கிச் சிதை மூட்டி, நல்ல உடை உடுத்தி, ஊரைக் கூட்டித் தன் விசுவாசத்தையும் தனக்கு நேர்ந்த அவமானத்தையும் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கினார் என்கின்றன போர்ச்சுகீசிய நாளாகமங்கள்.

ஊரைக் காட்டிக்கொடுத்தவர் என்பதா, ஏமாற்றப்பட்டவர் என்பதா? என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. பாலத்தின் கீழே சுற்றுலாப் படகு போனது. ஆன்ட்டி, “அவருக்கு இங்கே சிலை எதுவும் இல்லை, தம்பி” என்றார்.

ஜோங்கர் தெருவில் பழம்பொருள் கடைகள். அங்கேதான் இந்த நடையின் திசையே மாறியது. ஒரு கடையில் தேக்கு நிலைப்பேழை ஒன்றைக் காட்டிச் சீனக் கடைக்காரர் “அல்மாரி, அல்மாரி, நூறு வருஷம்” என்றார்.

“எங்கள் சொல்” என்றார் ஆன்ட்டி.

“எங்கள் சொல்லும்தான். அலமாரி” என்றேன்.

லிஸ்பன் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அர்மாரியோ!” என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அடுத்த அரை மணி நேரம் அந்தக் கடையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னோம். மேசை: மலாயில் மேஜா, லிஸ்பன்காரர்களுக்கு மேசா. துவாலை: மலாயில் துவாலா, அவர்களுக்கு தொஆல்யா. பேனா: மலாயில் பெனா, அவர்களுக்கும் ஏறத்தாழ அதே. நான் சாவி என்றேன். மலாயில் அது வேறு, ஆனால் கிறிஸ்தாங்கில் ‘சாபி’ என்று ஆன்ட்டி மீட்டார். போர்ச்சுகீசியம் ‘ஷாவ்’. வெளியே ஒரு பையன் மலிவு விலைச் சட்டைகளை “லெலோங், லெலோங்!” என்று கூவிக்கொண்டிருந்தான். லிஸ்பன்காரர் தலையை வெளியே நீட்டி, “லெய்லாவ்ன்?” என்றார். ஏலம். நம் ஏலமும் அதே குடும்பம் என்கிறது தமிழ்ப் பேரகராதி. கடைக்காரர் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் நின்றும் ஒன்றும் வாங்காததைப் பொறுத்துக்கொண்டார். நான் ஒரு பழைய பித்தளைச் சாவியை வாங்கினேன். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி.

எந்தச் சொற்கள் ஒட்டிக்கொண்டன என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. பீரங்கியோடு வந்தவர்கள் விட்டுப்போனது ஜன்னலும் மேசையும் துவாலையும் கோப்பையும். ஆல்புகெர்க் தன் ஆட்களை உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கும்படி ஊக்குவித்தவர். அப்படி வந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் தாயிடம் கேட்டது ஒரு மொழி, தகப்பன் கைகாட்டிக் கேட்டது இன்னொரு மொழி. தகப்பன் எதைக் கைகாட்டியிருப்பான்? தனக்குப் பழகிய, இந்த ஊரில் இல்லாத சாமானை. இது என் ஊகம்தான். ஆனால் எங்கள் அம்மா பிஸ்கெட்டை இன்றும் ‘விசுக்கோத்து’ என்கிறாள், பள்ளியில் நான் அதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன். ‘பிஸ்கோய்தோ’ என்று லிஸ்பன் அம்மாள் சொன்னபோது அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

இரண்டு தெரு தள்ளி, பொற்கொல்லர் தெருவில், ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781-ல் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அதே தெருவில் கெலிங் மசூதி, சற்றுத் தள்ளிச் சீனர் கோயில். விநாயகர் கோயிலின் நிர்வாகம் மலாக்காச் செட்டிகளுடையது. சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள்.

உள்ளே வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. “வணக்கம் ஐயா, கோயில் எப்போது நடை சாத்துவார்கள்?” என்றேன். சிரித்தபடி கைகூப்பினார். திரும்பக் கேட்டேன். மலாயில் ஏதோ சொன்னார். ஆன்ட்டி மொழிபெயர்த்தார்: “தமிழ் தெரியாது, மன்னித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். பிள்ளையாருக்குத் தெரியும் என்கிறார்.”

செட்டிகளின் வீட்டு மொழி பல தலைமுறைகளாக மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயா என்னும் மலாய் மேற்சட்டை. ஆனால் பொங்கலும் மாரியம்மன் திருவிழாவும் உண்டு. இறந்த முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் ‘பார்ச்சு’ உண்டு. பெயர்களில் பிள்ளையும் செட்டியும் உண்டு. மொழியைத் தவிர மற்றதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பெரியவர் மன்னிப்புக் கேட்டது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவருக்குத் தெரியாத தமிழ் எனக்குத் தெரியும் என்பதில் என் உழைப்பு ஒன்றுமில்லை; நான் கப்பலேறாதவனின் பேரன், அவ்வளவுதான்.

நடை அத்தோடு முடிந்தது. லிஸ்பன் தம்பதி சிங்கப்பூர் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். ஆன்ட்டி என்னிடம், “மீன்பிடிக்கிற ஊர்க்காரன், சாப்பிடாமல் போகக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வா” என்றார்.

வீடு, நகரின் தெற்கே உஜோங் பாசிரில், போர்ச்சுகீசியக் குடியிருப்பில். 1930-களில் இரண்டு பாதிரிமார் முயன்று, சிதறிக் கிடந்த ஏழை மீனவக் குடும்பங்களுக்காக வாங்கச் செய்த சுமார் 28 ஏக்கர் நிலம். அதனால் இதன் கிறிஸ்தாங் பெயர் ‘பாத்ரி சா சாங்’. பாத்ரி என்பது பாதிரி. சாங் என்பது மண். நடுவில் உள்ள ‘சா’ நம் ‘உடைய’. பாதிரியுடைய மண். இதைப் போர்ச்சுகீசியத்தில் சொல்வதானால் மண்ணை முன்னே போட்டுப் பாதிரியைப் பின்னே தள்ள வேண்டும். சொற்கள் லிஸ்பனுடையவை, அடுக்கும் வரிசை நம் பக்கத்தது. தெருப் பெயர்களோ ஆல்புகெர்க், செக்கெய்ரா, தெய்சேரா, அரௌஜோ. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். “தெங் போங்?” என்று ஆன்ட்டி அவரிடம் நலம் விசாரித்தார்.

இவர்களை ஊரார் ‘கெராகோ’ என்று கேலி செய்வார்களாம். கடலோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தள்ளிக்கொண்டே போய்ப் பிடிக்கும் பொடி இறால் அது. இப்போது அந்த இறாலே குறைவு. கடலைத் தூர்த்துத் தூர்த்துக் கரையைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஜூன் 29-ல் புனித பேதுரு திருநாளுக்குப் படகுகளை அலங்கரித்து மந்திரிப்பது மட்டும் விடாமல் நடக்கிறது. படகு குறைந்தாலும் அலங்காரம் குறையவில்லை என்றார். மொழியை யுனெஸ்கோ அழிந்துவரும் மொழிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆன்ட்டியின் பேத்திக்குக் கிறிஸ்தாங்கில் தெரிந்தது பிறந்தநாள் வாழ்த்தும் இரண்டு வசவும்தான். வசவுகளைச் சொல்லிக் காட்டினாள். ஆன்ட்டி அதட்டவில்லை, உச்சரிப்பைத் திருத்தினார்.

சாப்பாட்டுக்கு ‘கறி டெபால்’. பிசாசுக் கறி என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிஞ்சிய இறைச்சியையெல்லாம் போட்டு வைப்பது வழக்கம். எனக்காகக் கோழியில் வைத்திருந்தார். மிளகாய் விழுது சிவக்க வதங்கி எண்ணெய் பிரிந்து நின்றது. கடுகும் வினிகரும் முதல் வாய்க்கே மூக்கில் ஏறின. இரண்டாம் முறை சோறு வாங்கினேன். “முத்து மெர்செ” என்று அன்று கற்ற நன்றியைச் சொன்னேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது கடல் பக்கம் மின்னியது. காற்றில் ஜன்னல் கதவு படபடவென்று அடித்தது. “ஜனேலா” என்றார் ஆன்ட்டி, காலையில் விட்டுப்போன சொல்லை நினைவுபடுத்துபவர்போல. ஜன்னல் என்றேன். மலாயில் ஜெண்டேலா என்றாள் பேத்தி.

ஆன்ட்டி ஒரு நிமிடம் யோசித்தார். “அது சரி தம்பி, நாங்கள் வருவதற்கு முன் உங்கள் வீடுகளுக்கு ஜன்னலே இல்லையா? அதை என்னவென்று சொன்னீர்கள்?”

சொன்னேன். சாளரம், காலதர், பலகணி. மூன்று சொல். காலதர் என்றால் காற்று வரும் வழி. மூன்றையும் பள்ளிப் பாடத்தில்தான் படித்திருக்கிறேன். அம்மாவோ ஆச்சியோ சொல்லிக் கேட்டதில்லை. ஆன்ட்டி முதல் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். ள அவருக்கு நாக்கில் வரவில்லை. பேத்திக்கு வந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதற்குள் சாரல் உள்ளே அடிக்க, சிறுமி ஓடிப்போய் ஸ்டூலில் ஏறிக் கதவை இழுத்துக் கொக்கி மாட்டினாள்.